ஆட்டினால் லொடலொடக்க வேண்டும்

தாஷ்கண்ட், நவம்பர் 19

இக்னாத்,

உன் அக்காதான் எழுதுகிறேன், பதறாதே. இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். எங்கள் பணிமனை மெக்கானிக் ஷவ்கத் சாமான் பெட்டிகளோடு மாஸ்கோவுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் யார் யார் படிப்பார்கள் என்று உனக்கே தெரியும். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் மனைவி ஸோயாகூடப் பார்க்க வேண்டாம்.

கலம் கிளம்பிவிட்டது. வெள்ளிக் கோளுக்குப் போய் இறங்க மார்ச் மாதக் கடைசி ஆகும். அதன் விலாவில் என் துளைப்பான் ஒட்டிக்கொண்டு போகிறது. அந்த மண்ணைக் குடைந்து உள்ளே இழுத்து, என்ன மண் என்று சோதிக்கிற பெட்டியில் கொட்ட வேண்டும். ஏழு வருஷ உழைப்பு. இங்கே எல்லோரும் கோப்பை உயர்த்திக் கொண்டாடி முடித்துவிட்டார்கள். நான் மட்டும் கோப்பையைத் தொடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் உதிரித் துளைப்பான் ரயிலில் திரும்பி வந்தது. பறந்ததற்கு அச்சு அசல் ஜோடி. பெட்டியைத் திறந்ததும் வழக்கம்போலக் காதருகே வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை.

உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வெள்ளியில் ஈயம் உருகுகிற சூடு. அந்தச் சூட்டில் இரும்பு உப்பும். இங்கே கச்சிதமாகச் செய்தால் அங்கே இறுகிப்போய்ச் சுற்றாது. அதனால்தான் இங்கே லொடலொட என்று விட்டேன். அங்கே போய் உப்பினால் கச்சிதமாகிவிடும். ஆட்டினால் லொடலொடக்க வேண்டும் இக்னாத். லொடலொடக்காவிட்டால் அது செத்த துளைப்பான்.

கழற்றிப் பார்த்தேன். தண்டுக்கும் உறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பித்தளை வாஷர் உட்கார்ந்திருந்தது. என் வரைபடத்தில் அப்படி ஒன்று கிடையாது.

செப்டம்பரில் உங்கள் ஏற்புக் குழுத் தலைவர் கொர்னேயெவ் இரண்டு துளைப்பானையும் ஆட்டிப் பார்த்து, “லொடலொடங்குது” என்று திருப்பி அனுப்பினார். நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. விளக்கம் எழுதி, அதே பெட்டிகளில் ஈய முத்திரை வைத்து மறுபடி அனுப்பினேன். அக்டோபரில் ஏற்றுக்கொண்டார்கள். என் விளக்கம் பலித்தது என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட முட்டாள் நான். அந்த இரண்டாம் சோதனைக்கு நான் வரக் கேட்டிருந்தேன், பயண உத்தரவில் யாரோ கையெழுத்துப் போடவில்லை. அந்த மாஸ்கோ சோதனைக் கூடத்தில் எனக்கு வேண்டிய ஆள் என்று இருந்தவன் நீ ஒருவன்தான்.

இரண்டு கேள்வி. வாஷர் போட்டது யார்? பறந்ததிலும் அது இருக்கிறதா?

இரண்டாவதுதான் முக்கியம். பறந்ததில் வாஷர் இருந்தால், இறங்கிய உடனே துளைக்க வேண்டும், உள்தண்டுக்குச் சூடு ஏறுவதற்கு முன்னால். இல்லையென்றால் இப்போது வைத்திருக்கிறபடியே பொறுத்து, தண்டு நன்றாக உப்பிய பிறகு துளைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டுமே பாழ். துளைப்பான் ஒரே ஒரு தடவைதான் ஓடும். கலம் இறங்குவதற்கு முந்தின நாள்வரை கிரிமியா கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கட்டளையை மாற்றலாம் என்று எனக்குத் தெரியும். நீ அங்கேதான் போகப் போகிறாய் என்பதும் தெரியும்.

இரண்டு அறை வீடு ஒதுக்கிவிட்டார்களாமே. கொர்னேயெவ் கையெழுத்தாமே. வாழ்த்துகள்.

ரிம்மா

*

மாஸ்கோ, நவம்பர் 30

மதிப்பிற்குரிய ரிம்மா பாவ்லவ்னா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறை இரண்டு தடவை ஒட்டப்பட்டிருந்தது. முதல் தடவை ஒட்டியது நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கூடத்தில் பித்தளை வாஷரே கிடையாது. இங்கே வெற்றிடக் குழாய்களுக்குச் செம்பு வாஷர் மட்டும்தான். பித்தளை உங்கள் பணிமனைச் சரக்கு. பருத்தி பறிக்கும் இயந்திரம் செய்த காலத்திலிருந்து அங்கே டப்பா டப்பாவாகக் கிடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். பெட்டிகள் வந்தது உங்கள் ஈய முத்திரையோடு. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

செப்டம்பரில் நடந்ததை நீங்கள் இருந்து பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கொர்னேயெவ் பழைய பீரங்கிக்காரர். எதைக் கொடுத்தாலும் சந்தையில் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி தட்டியும் ஆட்டியும்தான் பார்ப்பார்.

“என்னய்யா இது, கிலுகிலுப்பையா?” என்றார்.

“சூடானா சரியாயிடுங்க, அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க” என்றேன்.

“என் சம்சாரத்தப் பத்தியும் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் சொன்னாங்க. முப்பது வருஷமா காத்துட்டு இருக்கேன்” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாத இடம் அது.

அக்டோபரில் அவர் ஆட்டியே பார்க்கவில்லை. காகிதத்தைப் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

வீட்டைப் பற்றிக் குத்தியிருக்கிறீர்கள். ஸோயாவும் நானும் அவள் அம்மாவும் ஒரே அறையில் ஒரு பீரோவைத் தடுப்பாக நிறுத்திக் குடித்தனம் நடத்துகிறோம். சமையலறையை நாலு குடும்பம் பகிர்ந்துகொள்கிறது. உங்கள் துளைப்பான் வருவதற்கு முன்பிருந்தே நான் அந்த வரிசையில் நிற்கிறேன். வீட்டுக்கும் வாஷருக்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கலம் போன பிறகு இதை ஏன் கிளப்புகிறீர்கள்? இன்னும் யாருக்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்?

இக்னாத்

*

தாஷ்கண்ட், டிசம்பர் 12

அடேயப்பா, “மதிப்பிற்குரிய ரிம்மா பாவ்லவ்னா”! உன் மூக்கைத் துடைத்துவிட்டவளுக்கு இவ்வளவு மரியாதையா! இதையும் ஷவ்கத்தான் கொண்டுவருகிறான்.

அக்டோபரில் கொர்னேயெவ் ஆட்டியே பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏற்பு முடிந்த அன்று ஸோயா எனக்கு போன் பண்ணினாள், ஞாபகம் இருக்கிறதா? “அண்ணி, உங்க டிரில்ல அந்த மனுஷன் காதுல வச்சு ஆட்டி ஆட்டிப் பாத்தாராம், சத்தமே வரலையாம், முதுகுல தட்டிக் குடுத்தாராம் இவர” என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். நானும் மக்குபோல அதைக் கேட்டுக்கொண்டேன். சத்தம் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அப்போதே எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய்.

ஆக, பொய் சொல்லியிருக்கிறாய். தெரியாமல் சொல்லும் பொய் இல்லை இது, யோசித்துச் சொன்ன பொய்.

பித்தளை எங்களுடையதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாஷரை எங்கள் டப்பாவில் இருப்பதோடு வைத்துப் பார்த்தேன், ஒன்றேதான். ஆனால் போன வருஷம் நீ இங்கே வந்தபோது, “வீட்டுக் குழாய் ஒழுகுதுக்கா” என்று கைநிறைய அள்ளிக்கொண்டு போனாயே. அந்தக் குழாய் சரியாகிவிட்டதா?

யாருக்கும் இன்னும் எழுதவில்லை. எழுத வைக்காதே. என்மேல் ஏதாவது கோபத்தில் செய்ததாக இருந்தாலும் சரி, வீட்டுக்காகச் செய்ததாக இருந்தாலும் சரி, எனக்கு இப்போது அதைப் பற்றிக் கவலை இல்லை. பறந்ததில் வாஷர் இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தை போதும்.

ரிம்மா

*

மாஸ்கோ, ஜனவரி 9 (தபாலில்)

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு நல்லபடி கழிந்தது. இங்கே பனி முழங்கால் வரை. எல்லோரும் சௌக்கியம். ஸோயாவின் தங்கை மகள் கல்யாணமாகித் தூர தேசம் போகிறாள் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். பெரியவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்திருக்கிறார்கள். போய் இறங்கியதும் உடனே அடுப்படியில் இறக்கிவிட வேண்டாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்த ஊர் வெக்கை பழகட்டும், பிறகு வேலை செய்யட்டும் என்று முதலிலேயே பேசியதுதான். அதையே வைத்துக்கொள்வோம். மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இக்னாத்

*

தாஷ்கண்ட், ஜனவரி 24

இக்னாத்,

ஸோயாவுக்குத் தங்கையே கிடையாது.

உன் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். பொறுத்துத் துளைக்கட்டும், வாஷர் இல்லை என்கிறாய். சரி. ஆனால் ஷவ்கத் அங்கே வந்திருந்தபோது அவன் கையில் ஒன்றும் கொடுக்காமல், வேண்டுமென்றே தபாலில் போட்டிருக்கிறாய். வழியில் பிரித்துப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கடிதம் கிடையாது: எல்லாம் பெரியவர்கள் பார்த்துச் செய்தது, மாற்றக் காரணம் இல்லை! இதை நீ எனக்கு எழுதினாயா, அவர்களுக்கு எழுதினாயா? எனக்கு எழுதியிருந்தால் நம்புவேன். அவர்களுக்கு எழுதியிருந்தால் இதற்கு நேர்மாறாக நம்ப வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

ஷவ்கத்தைக்கூடக் கேட்டேன். “தம்பி முகம் எப்படி இருந்துச்சு?” என்றேன். “என்னைப் பாத்ததும் கதவப் பாதிதான் தெறந்தாரு ஓபா” என்றான். இந்த ஊர்ப் பேச்சில் அக்காவுக்கு ஓபா. நீ கூப்பிடுகிற அக்காவைவிட அதில் கொஞ்சம் பாசம் இருக்கிறது.

இப்படிச் செய். பிப்ரவரியில் என் பிறந்தநாள். வாழ்த்துத் தந்தி அனுப்பு, எவனும் சந்தேகப்பட மாட்டான். வாஷர் இருந்தால் “சீக்கிரம் வா” என்று சேர்த்துக்கொள். இல்லையென்றால் “பொறுத்து வா” என்று போடு. வேறு எதுவும் வேண்டாம். உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். நம் அப்பா மேல் ஆணை.

ரிம்மா

*

தந்தி. மாஸ்கோ, பிப்ரவரி 14

பிறந்தநாள் வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள். இக்னாத் ஸோயா

*

தாஷ்கண்ட், பிப்ரவரி 20

தந்தி வந்தது. இரண்டில் ஒன்றுகூட இல்லை.

திருப்பிப் பார்த்தேன், தபால்காரியிடம் இன்னொரு தாள் விட்டுப்போயிற்றா என்றுகூடக் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அப்பா மேல் ஆணையிட்டுக் கேட்டும் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை என்றால், நீ மறைப்பது பெரிய விஷயம். அப்படியென்றால் பறந்ததிலும் வாஷர் இருக்கிறது. குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி என் கைப்பையில் வைத்திருக்கிறேன். துளைப்பானில் வாஷர் நுழைந்திருக்கிறது, உடனே துளைக்கும்படி கட்டளையை மாற்றுங்கள், சோதனைக் கூடத்தில் பொறுப்பாக இருந்தவர் இக்னாத் பாவ்லவிச் என்று அதில் இருக்கிறது. மகளிர் தினம் கழிந்ததும் அனுப்பிவிடுவேன்.

உன் வீடு போகும். வேலையும் போகலாம். அப்பா மேல் இட்ட ஆணையை மீறி, அழுதுகொண்டேதான் எழுதினேன், ஆனால் எழுதிவிட்டேன். இதை ஷவ்கத்திடம் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் யாரிடம் எதைக் கொடுப்பது என்றே தெரியவில்லை. உங்கள் ஊருக்குப் போகிற ஒரு டாக்டரம்மா கொண்டுவருகிறார்.

ரிம்மா

*

கிரிமியா, மார்ச் 5 (ஆள் மூலம்)

அக்கா,

இனி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை, அதனால் தாஷ்கண்ட் வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட முடியாத கடிதம் இது.

வாஷரை நான் போடவில்லை. அந்தக் குழாய் வாஷர்கள் இன்னும் குழாயில்தான் இருக்கின்றன, இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்டோபரில் கொர்னேயெவ் ஆட்டினார். சத்தம் வரவில்லை. அதன் அர்த்தம் எனக்கு அந்தக் கணமே உறைத்தது. உன் முத்திரையோடு வந்த பெட்டி. ஆக, அக்கா பயந்துபோய் அவளே வாஷர் போட்டு அனுப்பிவிட்டாள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் கழற்றிப் பார்த்திருப்பார்கள். திறக்கவில்லை. என் வீட்டு உத்தரவு அவர் மேசையில் கிடந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

பிறகு உன் கடிதம் வருகிறது, வாஷர் போட்டது யார் என்று. நீ போட்டுவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்தேன் அக்கா. கொர்னேயெவ் வேறு ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, “தாஷ்கண்ட்லேருந்து அக்கா நிறைய எழுதுறாங்க போல?” என்று சிரித்தார். அந்தத் தபால் கடிதம் அவருக்காக எழுதியது. நீ சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறாய்.

தந்தியில் ஏன் எழுதவில்லை என்றால், எதை எழுத? பறந்ததில் வாஷர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சோதனைக்குப் பிறகு யாராவது எடுத்தார்களா, இல்லையா, சத்தியமாகத் தெரியாது.

டாக்டரம்மா கொண்டுவந்த கடிதத்தைப் படித்தேன். நீ குழுவுக்கு எழுதினால் என்ன சொல்வார்கள் தெரியுமா? வடிவமைப்பில் தப்புப் பண்ணிவிட்டு இப்போதே சாக்குத் தேடுகிறாள் என்பார்கள், கட்டளையை மாற்ற மாட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். அதனால் நேற்று, இங்கே வந்திருக்கிற கொர்னேயெவிடம் போய், இரண்டிலும் வாஷர் போட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா இக்னாத் பாவ்லவிச்? வீடு போயிடும்” என்றார்.

“தெரியும். மண்ணாவது கிடைக்கட்டும்” என்றேன்.

உதிரியில் இருந்தால் பறந்ததிலும் இருக்கத்தான் வேண்டும். இறங்கிய உடனே துளைக்கும்படி கட்டளை மாறப் போகிறது. உன் கடிதத்தை அனுப்பாதே. ஸோயாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் திரைக்கு அளவெடுத்து வைத்திருக்கிறாள்.

இக்னாத்

பின்குறிப்பு: உன் உறைகள் எல்லாமே இரண்டு தடவை ஒட்டப்பட்டுத்தான் வந்தன. டாக்டரம்மா கொண்டுவந்தது மட்டும் ஒரே தடவை.

*

தந்தி. தாஷ்கண்ட், மார்ச் 11

பொறுத்து வா. பொறுத்து வா. ரிம்மா

*

தாஷ்கண்ட், மார்ச் 11 (ஆள் மூலம்)

இக்னாத், இக்னாத், என் மடத் தம்பி,

தந்தி முன்னால் போயிருக்கும். இது பின்னால், ஆள் கையில் வரும். குழுவுக்கு எழுதிய கடிதம் நல்லவேளை இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இங்கே வியாழக்கிழமை என்றால் பணிமனைச் சாப்பாட்டு அறையில் புலாவ். உன் கடிதம் காலையில் வந்தது. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன ஓபா, கை வைக்கல?” என்றான் ஷவ்கத்.

“வாஷர் போட்டது நான்தான்னு என் தம்பி எழுதிக் குடுத்துட்டானாம்.”

கரண்டியைக் கீழே வைத்தான். “அவரு எதுக்கு அப்படி எழுதினாரு? அவரு போடலையே!”

“உனக்கெப்படித் தெரியும்?”

தட்டைத் தள்ளி வைத்தான். உன் பின்குறிப்பு என் சட்டைப் பையில் இருந்தது. “என் கடுதாசியெல்லாம் நீ படிச்சியா?” என்றேன்.

“பசை சரியா ஒட்டல ஓபா” என்றான். முகத்தைப் பார்த்தால் அறையவும் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் கொட்டினான். அக்டோபரில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தவன் அவன்தான். ஈய முத்திரை வைக்கிற இடுக்கி அவன் பையிலும் ஒன்று உண்டு, அது எனக்கு எப்படி மறந்துபோனது என்றே தெரியவில்லை. “அந்த ஆளு மறுபடியும் ஆட்டிப் பாத்து வேண்டாம்னா உங்க ஏழு வருஷமும் போச்சே ஓபா. விடுதி அறையில உக்காந்து ரெண்டுலயும் போட்டேன். கையெழுத்து ஆனதும் எடுத்துடலாம்னு இருந்தேன். ஒண்ணு எடுத்தேன். அடுத்தத தெறக்கறதுக்குள்ள பெட்டிய வாங்கிட்டுப் போக ஆளுங்க வந்துட்டாங்க.”

“எத எடுத்த?”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு! எது பறக்கும், எது திரும்பும்னு எனக்கென்ன தெரியும்? ரயில்ல வந்ததுல வாஷர் இருக்குன்னு நீங்க எழுதினதப் படிச்சப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அப்போ நான் எடுத்தது பறந்ததுலதானே?”

“நாலு மாசமா நான் தூங்கலடா. ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே ஓபா. என்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டீங்க. நீங்க எழுதாம இருந்தா எல்லாம் தானா சரியாப் போயிடும்னு இருந்தேன்.”

புரிகிறதா இக்னாத்? இரண்டில் போட்டான், ஒன்றில் எடுத்தான், ஒன்று இங்கே என் மேசையில் வாஷரோடு இருக்கிறது. பறந்தது சுத்தம். பழைய கட்டளைதான் சரி. இறங்கிய உடனே துளைத்தால் குளிர்ந்த தண்டு ஆடி ஆடி ஒடிந்துபோகும். நான் சந்தேகப்பட்டேன் என்பதற்காக நீ இல்லாத குற்றத்தை ஒத்துக்கொண்டு, அந்தக் குற்றத்தை வைத்தே நல்ல துளைப்பானைக் கொல்லப் போகிறாய். நிறுத்து. எப்படியாவது நிறுத்து.

ரிம்மா

*

கிரிமியா, மார்ச் 28

அக்கா,

உன் தந்தி கைக்கு வந்தபோது மாற்றிய கட்டளை ஏற்கெனவே மேலே போய்விட்டது. உன் கடிதம் அப்போது வந்து சேரவில்லை. கையில் இருந்தது தந்தி மட்டும்தான், காரணம் எதுவும் கிடையாது.

அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். உண்மை தெரிந்து அனுப்பினாயா? இல்லை, நான் எழுதிக் கொடுத்ததை என் கடிதத்தில் படித்து, வாஷர் இல்லை என்றாகிவிட்டால் தம்பி தப்பித்துக்கொள்வான் என்று அனுப்பினாயா? எத்தனை நாள் பழக்கம் பார், தந்தியைக்கூடச் சந்தேகத்தோடுதான் படிக்க வருகிறது.

கடைசியில் ஒன்று தோன்றியது. நீ உன் துளைப்பானைக் கொன்று என்னைக் காப்பாற்றுகிற ஆள் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, உன்னைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். எழுந்து கொர்னேயெவிடம் போனேன்.

“போன வாரம் வாஷர் இருக்குன்னீங்க, இப்போ இல்லைங்கறீங்க. நாளைக்குக் கலமே கிளம்பலைம்பீங்களா?” என்றார்.

“பறந்ததுல இல்லீங்க. பழைய கட்டளைக்கே போயிடணும்.”

“யார் சொன்னது?”

தந்தியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பொம்பளைங்க பிரயாண விஷயம் மாதிரி இருக்கு” என்றார். “எனக்கு என்ன வந்தது? துளைக்காமப் போனா முழுப் பொறுப்பும் உங்களுதுன்னு எழுதிக் குடுங்க.” கொடுத்தேன். இந்த மாதம் நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். இறங்குவதற்கு முந்தின நாள்தான் பழைய கட்டளை ஏறிற்று.

இறங்கியது. பொறுத்திருந்தது. அந்த நேரத்தில் கூடத்தில் ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டதுபோல. பிறகு சுற்றியது அக்கா. கச்சிதமாக, கொஞ்சமும் திணறாமல் சுற்றி, மண்ணை உள்ளே இழுத்துக் கொட்டியது. நான் அழுதேன், எல்லோர் முன்னாலும்.

மண்ணைச் சோதித்துவிட்டார்கள். ஆறிப்போன எரிமலைக் கல்தான், அதில் இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. நான் வேறொன்றைத் தேடினேன். வாஷர் இருந்திருந்தால் தண்டு அதை அரைத்து மண்ணோடு கலந்திருக்கும். செம்பும் துத்தநாகமும் தெரிந்திருக்கும். ஒரு பொட்டுகூட இல்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. ஷவ்கத் சொன்னது உண்மை என்று அந்த மண் அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

ஆனால் நான் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். திரும்ப வாங்க வேண்டுமானால் ஷவ்கத் பெயரைச் சொல்ல வேண்டும். அவனுக்கு நாலு குழந்தைகள் என்று நினைவு. வீட்டு உத்தரவு ரத்தாகிவிட்டது. ஸோயா போனில் சொன்னாள், ஜன்னல் திரைத்துணியைப் பீரோவுக்குப் போட்டுவிட்டாளாம். 

ஒன்று மட்டும் சொல். தந்தி அனுப்பும்போது உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? ஷவ்கத்தின் வாய்வார்த்தை மட்டும்தானே கையில் இருந்தது?

இக்னாத்

*

தாஷ்கண்ட், ஏப்ரல் 6 (டாக்டரம்மா கையில்)

இக்னாத்,

நிச்சயமாகத் தெரியாது. நாலு மாசம் என் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறவளா நான்? அவனும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அவனை வெளியே அனுப்பிவிட்டு உன் பிறந்தநாள் தந்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒன்றும் இல்லை என்றுதானே உன்மேல் காறித் துப்பினேன். பொய் சொல்கிறவன் இரண்டில் ஒன்றை எழுதியிருப்பான் இக்னாத். உனக்கு வசதியான ஒன்று கையருகிலேயே இருந்தது. நீ ஒன்றையும் எழுதவில்லை. அப்படியென்றால் உனக்கு நிஜமாகவே தெரியாது, நீ போடவில்லை, எடுக்கவும் இல்லை. நீ இல்லையென்றால் ஷவ்கத் சொன்ன கதை ஒன்றுதான் மிச்சம், அது எல்லா இடத்திலும் பொருந்தியது. அதன்பிறகுதான் தபால் நிலையத்துக்கு ஓடினேன். பிப்ரவரியிலேயே அந்தத் தந்தியை ஒழுங்காகப் படித்திருந்தால் உன் வீடு போயிருக்காது.

நீ சொன்னது சரிதான். உனக்காக என் துளைப்பானைக் கொன்றிருக்க மாட்டேன். படிக்கும்போது சுருக்கென்று தைத்தது, ஆனால் சரிதான். இப்போது அது வேலையை முடித்துவிட்டது. அங்கேயே கிடந்து வேகட்டும். இனி நான் எதை எழுதிக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

அதனால் நேற்று நானும் கொர்னேயெவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். என் பணிமனைப் பித்தளை, என் முத்திரை, வாஷர் போட்டது நான்தான், என் தம்பி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று. ஷவ்கத் பெயர் அதில் இல்லை. முத்திரை இடுக்கியை மட்டும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பசை டப்பாவையும்.

உதிரியிலிருந்து வாஷரை எடுத்துவிட்டேன். ஆட்டினால் லொடலொடக்கிறது, கேட்கவே சுகமாக இருக்கிறது. நீயும் ஸோயாவும் அவள் அம்மாவும் மே மாதம் இங்கே வாருங்கள். இங்கே எனக்கு இரண்டு அறை, பீரோவை நகர்த்த வேண்டியதில்லை.

வெள்ளியில் அந்த வாஷர் இல்லை என்று மண்ணே சொல்லிவிட்டது. கொர்னேயெவ் மேசையிலோ, வாஷரைப் போட்டது நான்தான் என்று சொல்லி இரண்டு பேருடைய கையெழுத்து இருக்கிறது, அக்காவுடையதும் தம்பியுடையதும். இனி யாரைச் சந்தேகப்படுவது என்று அவர் உட்கார்ந்து யோசிக்கட்டும். நாம் யோசித்தது போதும்.

அக்கா